டேப்பில் நாலு சானல், கோப்பில் எத்தனை டிராக்?

வீடியோ டேப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது எல்லோர் கண்ணும் படத்தின் மேல்தான். நிறம் சரியா, கோடு விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்வோம். ஒலி தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுவோம். வரவும் செய்யும், என்ன, அரைகுறையாக வரும்.

நானும் அப்படி ஏமாந்திருக்கிறேன். அது ஒரு பேட்டி டேப். முதல் சானலில் பேசுபவரின் சட்டையில் மாட்டிய மைக், இரண்டாவதில் கேமராவிலேயே இருந்த மைக். கேப்சர் செய்யும்போது, அதாவது டேப்பை ஓட்டிக் கம்ப்யூட்டரில் பதியும்போது, இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக, ஒரே சானலாக எடுத்துவிட்டேன். கேட்டால், மனிதர் குளியலறைக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. முதல் சானலை மட்டும் தனியாகக் கேட்டால் அவ்வளவு சுத்தம். டேப் கையில் இருந்ததால் தப்பித்தேன், மறுபடி ஓட்டினேன்.

சானல் என்பது ஒரு தனி ஒலி; டிராக் என்பது கோப்புக்குள் ஒரு சானலையோ பல சானல்களையோ வைக்கும் பெட்டி. டேப்பின் சானல்களைக் கோப்பில் வைக்கும் வழிகள் மொத்தம் நாலு. எல்லாவற்றையும் கலந்து ஒரே ஸ்டீரியோவாக வைப்பது ஒன்று. ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நாலும் இன்னொரு ஜோடி என்று ஸ்டீரியோ டிராக்குகளாக வைப்பது இரண்டாவது. நாலு சானலையும் ஒரே டிராக்குக்குள் அடைப்பது மூன்றாவது. ஒவ்வொரு சானலுக்கும் தனி மோனோ டிராக் கொடுப்பது நாலாவது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், டேப்பில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். இரண்டு சானல் என்றாலே இடது காது, வலது காது என்று நினைத்துக்கொள்கிறோம். டேப்பில் பல நேரம் அப்படி இருக்காது. தொலைக்காட்சிக்காரர்கள் பயன்படுத்திய பீட்டாகேம் எஸ்பி டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் இரண்டு சானல்கள் டேப்பின் ஓரமாக நீளவாக்கில் ஓடுபவை, படத்தைத் தொடாமல் பிறகு மாற்றிப் பதியலாம். மூன்றும் நாலும் சுழலும் ஹெட் (டேப்பில் பதியும், படிக்கும் முனை) வழியாகப் படத்தோடு சேர்ந்தே பதிவாகின்றன. படத்தை அழிக்காமல் அவற்றை மாற்ற முடியாது. ஆக, முதல் இரண்டில் பின்னால் சேர்த்த வர்ணனை இருக்க, மூன்றிலும் நாலிலும் படப்பிடிப்பு நேரத்து ஒலி அப்படியே உறங்கிக்கொண்டிருக்கலாம். டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ டேப்பிலும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. ஒலியின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் இரண்டே சானல். 32 கிலோஹெர்ட்ஸ், 12 பிட் என்றால் நாலு சானல், அதில் இரண்டாவது ஜோடி பெரும்பாலும் பிறகு டப்பிங் செய்ய ஒதுக்கிய இடம். முதல் ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் கேப்சர் மென்பொருள்கள் உண்டு.

இந்த விஷயத்தில் ரொம்பப் படுத்துவது வீடுகளில் இருந்த விஎச்எஸ் கேசட்தான். ஓரத்தில் ஓடும் லீனியர் டிராக் ஒன்று, படத்துக்கு அடியில் எஃப்எம் முறையில் பதியும் ஹைஃபை ஸ்டீரியோ ஒன்று. ஹைஃபை கேட்க அருமையாக இருக்கும், ஆனால் டேப் தேய்ந்து டிராக்கிங் தவறினால், அதாவது ஹெட் சரியான தடத்தில் ஓடாவிட்டால், உறுமும், விட்டுவிட்டு அறுந்து போகும். லீனியர் மந்தமானது, இரைச்சல் உள்ளது, ஆனாலும் ஹைஃபை கைவிட்ட இடத்திலும் பேசிக்கொண்டே இருக்கும். டேப்பை ஓட்டும் பல டெக்குகளில் 'ஹைஃபை', 'நார்மல்', 'மிக்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். மிக்ஸ் வைத்தால் இரண்டும் கிடைக்குமே என்று தோன்றும். வேண்டாம். இரண்டு ஒலியையும் படிக்கும் ஹெட்கள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன, மயிரிழை நேர வித்தியாசம் போதும், சேர்க்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். குழாய்க்குள் பேசுவது போல ஒரு சத்தம் வரும். லீனியரில் யாராவது பிற்பாடு வர்ணனை பதிந்திருந்தால் இன்னும் மோசம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். டேப்பை இரண்டு தடவை ஓட்டுங்கள், ஒருமுறை ஹைஃபை, ஒருமுறை லீனியர். நேரம் இரட்டிப்பாகும், வேறு வழியில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம். முதல் வழியான கலப்பு, மூலக் கோப்புக்கு ஆகவே ஆகாது. கலந்த மாவை மறுபடி அரிசியாகவும் உளுந்தாகவும் பிரிக்க முடியாது. கேபிளில் ஒரு சானலின் இணைப்பு தலைகீழாக இருந்தால், ஸ்டீரியோவில் ஓரளவு சரியாகக் கேட்கும் குரல் மோனோவாகக் கலந்ததும் காணாமலே போகலாம். இடத்தை மிச்சப்படுத்தத்தான் கலக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ சானல் மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி. நாலு சானலும் சேர்ந்து 2 ஜிபி சொச்சம். சுருக்காத 10 பிட் எஸ்டி (பழைய டிவி அளவு) படம் மணிக்கு ஏறக்குறைய 100 ஜிபி. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பானேன்?

மற்ற மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றக்கூடியவை. சுருக்காத பிசிஎம் ஒலியை, அதாவது அப்படியே எண்களாக வைத்த ஒலியை, எப்படிப் பிரித்து அடுக்கினாலும் ஒரு பிட் கூடக் குறையாது. அதனால் இங்கே தரம் பற்றிய பேச்சே இல்லை, கோப்பைத் திறப்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதுதான் பேச்சு.

ஒரே டிராக்கில் நாலு சானல் என்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் எந்தச் சானல் எது என்று கோப்பில் குறிக்கவில்லை என்றால் மென்பொருள் தானே ஊகிக்கும். வீடியோ, ஒலிக் கோப்புகளை மாற்ற உதவும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருள், நாலு சானலைக் கண்டால் மூன்றாவதை நடு ஸ்பீக்கராகவும் நாலாவதைப் பின் ஸ்பீக்கராகவும் எடுத்துக்கொள்ளும். பிறகு ஸ்டீரியோவாக மாற்றச் சொன்னால் அவை இரண்டையும் இரு காதிலும் கலந்துவிடும். டைம்கோடை, அதாவது படத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் குறிக்கும் சிக்னலை, ஒலிச் சானலில் பதிந்த டேப்கள் உண்டு. அப்படி ஒன்று மாட்டினால், பேச்சு முழுக்கப் பழைய மோடம் மாதிரி ஒரு கிறீச்சல் கூடவே வரும்.

ஸ்டீரியோ ஜோடிகள் நடுவாந்தரமான வழி. முதல் ஜோடி உண்மையான ஸ்டீரியோ என்றால் அதுவே போதும். விஎச்எஸ் ஹைஃபையை நான் இப்படித்தான் வைக்கிறேன், லீனியரை இரண்டாவது டிராக்காக. பேட்டி டேப்புக்கு இது பொருந்தாது. ஒரு காதில் சட்டை மைக், மறு காதில் கேமரா மைக் என்று ஹெட்ஃபோனில் பத்து நிமிடம் கேட்டாலே தலை வலிக்கும்.

அப்படிப்பட்ட டேப்களுக்குத் தனி மோனோ டிராக்தான் என் தேர்வு. அதற்கும் குறை உண்டு. விஎல்சி பிளேயர் ஒரு நேரத்தில் ஒரு டிராக்கைத்தான் ஒலிக்கும், மற்றவை இருப்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போகலாம். பிரவுசரில் இன்னும் கஷ்டம். எஃப்எஃப்எம்பெக்கும் நீங்கள் சொல்லாவிட்டால் ஒரே ஒரு ஒலி டிராக்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும், எந்த எச்சரிக்கையும் தராது. கட்டளையில் '-map 0' என்று கொடுத்தால்தான் எல்லாம் வரும். இந்த ஒரு வரியை மறந்து, சில கோப்புகளை மறுபடி செய்திருக்கிறேன்.

இன்னொன்று, வெற்று டிராக். சில கேப்சர் கார்டுகள் 2, 8, 16 என்ற எண்ணிக்கையில்தான் சானல் எடுக்கும். நாலு சானல் டேப்புக்கு எட்டு எடுத்தால் நாலு சும்மா இருக்கும். முழுக்கப் பூஜ்யமாக இருப்பதைத் தயங்காமல் நீக்குங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' இருந்தால் மட்டும் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தப் பேட்டி இப்போது ஒரு எம்கேவி கோப்பில் இருக்கிறது. உள்ளே இரண்டு டிராக், ஒன்றுக்குப் பெயர் 'சட்டை மைக்', இன்னொன்றுக்கு 'கேமரா மைக்'. பார்க்கக் கேட்டவர்களுக்குக் கொடுத்த எம்பி4-இல் முதலாவது மட்டும். கேமரா மைக்கை ஒருநாள் தனியாகப் போட்டுக் கேட்டேன். பேட்டி முடிந்து அவர் மைக்கைக் கழற்றுகிறார். சட்டை மைக்கில் அந்த இடம் முழுக்கக் கரகரப்பு, கலந்த கோப்பில் அதுதான் எல்லாவற்றையும் மூடியிருந்தது. கேமரா மைக்கில் அதே அரை நிமிடம் தெளிவாக இருக்கிறது: "இன்னொரு விஷயம் சொல்ல மறந்துட்டேனே" என்று ஆரம்பிக்கிறார்.