கரவன் ஹீற்றர் திருத்த 385 பவுண்ஸ்: நான் ஏமாந்தது காணும், நீங்களும் ஏமாறாதேங்கோ

நேற்றிரவுதான் வட இங்கிலாந்தில கெஸ்விக்கில இருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தம். கை விறைப்பு விட்டிட்டுது, ஆத்திரம் இன்னும் விடேல்லை. யூகேயில கரவன் (காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போற நடமாடும் வீடு) வச்சிருக்கிற எங்கட ஆக்கள் இப்ப கொஞ்சப்பேர் இருக்கிறியள். நடந்ததைச் சொல்லிப்போட்டு, ஹீற்றர் நிண்டா என்னென்ன பார்க்கோணும் எண்டும் கடைசியில விபரமா எழுதிறன்.

கரவன் 2009ஆம் ஆண்டு மொடல், பழசா வாங்கினது. போன மாதம் வீட்டு வாசலில வச்சு ஓரிரவு ஹீற்றரைப் போட்டுப் பார்த்தன். அரை மணித்தியாலம் நல்லா எரிஞ்சுது. பிறகு டிக் டிக் எண்டு தட்டித் தட்டி நிண்டுபோச்சு. அடுப்பைப் பத்த வச்சா அதிலயும் சுவாலை சுண்டுவிரல் நகமளவுதான். காஸ் போத்தலை ஆட்டிப் பார்த்தன், பாதிக்கு மேல கிடக்கு. அப்ப ஹீற்றர்தான் பழுது எண்டு நானே முடிவு கட்டிட்டன். அடுப்பு ஏன் சோர்ந்தது எண்டு அண்டைக்கு யோசிச்சிருந்தா இந்தப் பதிவே இல்லை.

வேலைக்கு ஆள் பிடிச்சுத் தாற ஒரு ஆப்பில தேடினன். பெயர் வேண்டாம். 4.9 நட்சத்திரம் போட்டிருந்த ஒருத்தனுக்கு அடிச்சா, "ஓம் அண்ணை, சொல்லுங்கோ" எண்டு தமிழில கதைக்கிறான். அந்த "அண்ணை"யிலயே நான் விழுந்திட்டன். வெள்ளைக்காரன் வந்திருந்தா ஆயிரம் கேள்வி கேட்டிருப்பன். எங்கட பெடியன் எண்டதும் வாய் அடைச்சுப் போச்சு.

அடுத்த நாள் மத்தியானம் வந்தான். நல்ல வெயில். கழுத்தில தொங்கின அட்டையில மஞ்சள் முக்கோணத்தை (காஸ் வேலை செய்யப் பதிஞ்ச ஆள் எண்டதுக்கான காஸ் சேஃப் அடையாளம்) ஒருக்காக் காட்டிப்போட்டு ஜக்கெற்றுக்குள்ள விட்டான். மனிசி தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தா. "சீனி காணும் அக்கா" எண்டு அவ்வளவு மரியாதை. முக்கால் மணித்தியாலத்தில கூப்பிட்டான்.

"அண்ணை, உள்ளுக்கு வால்வு போட்டுது. என்னட்ட வானில ஒண்டு கிடந்தது, மாத்தியாச்சு. ஆப்பால கட்டினா 430 வரும், நேர எனக்கு அனுப்பினா 385."

பழைய வால்வைக் காட்டு எண்டு கேட்டன். கொம்பனிக்குத் திருப்பி அனுப்போணுமாம். சரி எண்டு விட்டிட்டன், பாருங்கோ என்ர புத்தியை. சுவிச்சைத் திருப்ப ஹீற்றர் பக்கெண்டு பத்தினது. வானை ஸ்ராட் பண்ண முதலே 385 பவுண்ஸ் அவன்ர கணக்குக்குப் போட்டுது.

பள்ளிக்கூட விடுமுறைக்குக் கெஸ்விக் போனம். கரண்ட் உள்ள இடமெல்லாம் நிரம்பிட்டுது, காஸை நம்பித்தான் நிண்டது. முதல் இரவே மைனஸ் 3. ஒரு மணிக்கு அதே டிக் டிக். சின்னவள் சப்பாத்தோட படுத்தாள். மனிசி அடுப்பை மூட்டி வைப்பம் எண்டா, நான் விடேல்லை. பூட்டின கரவனுக்குள்ள அடுப்பை எரிய விட்டுப் படுத்தா காபன் மொனொக்சைட், காலமை எழும்ப ஆள் இருக்காது.

விடிய பக்கத்துக் கரவன் வெள்ளைக்காரப் பெரியவர் ரோச் லைற்றோட வந்தார். காஸ் பெட்டியைத் திறந்தார். போத்தலின்ர அடிப்பாதி முழுக்க உறைபனி பூத்துக் கிடக்கு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: குளிர்காலத்தில ஏன் நீலப் போத்தல்?

நீலத்துக்குள்ள இருக்கிறது பியூட்டேன். பூச்சியம் பாகையைக் கிட்டினா அது காஸா மாறாது, திரவமா அப்பிடியே கிடக்கும். சிவப்புப் போத்தல் புரொப்பேன், அது கொதிக்கிறது மைனஸ் 42இல. அதோட ஹீற்றர் காஸை இழுக்க இழுக்கப் போத்தல் தானாவும் குளிரும், அதால வெளியில 4, 5 பாகை இருந்தாலும் பியூட்டேன் திணறும். அரை மணித்தியாலத்தில நிண்டது அதாலதான். மத்தியான வெயிலில பத்தினதும் அதாலதான்! அவர் ஹீற்றரின்ர முன்மூடியைக் கழட்டி லைற் அடிச்சுக் காட்டினார். வால்வைப் பிடிச்சிருக்கிற ஆணித் தலையில தூசி கட்டியா இருக்கு, அதுக்கு மேல சிலந்தி வலை. ஒருத்தனும் தொடேல்லை.

சிவப்புப் போத்தலும் அதுக்கான ஹோஸும் சேர்த்து 70 பவுண்ஸ் கூட வரேல்லை. எங்கட கரவனில சுவரில பூட்டின 30 மில்லிபார் றெகுலேற்றர் (காஸின்ர அழுத்தத்தைக் கட்டுப்படுத்திற சாமான்), ரெண்டு காஸுக்கும் அதே போதும். அண்டிரவு விடிய விடிய எரிஞ்சுது.

அவனுக்கு அடிச்சன். "அண்ணை, வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்." எடுக்கேல்லை. படங்களை அனுப்பினன், நீலச் சரி ரெண்டு விழுந்துது. "நான் வரேக்க எரிஞ்சதுதானே, கரவனைக் குலுக்கி ஓடினா நான் என்ன செய்ய?" எண்டு ஒரு குரல் பதிவு. அதில "அண்ணை" இல்லை. அதுக்குப் பிறகு அவன்ர புரொபைல் படமே காணேல்லை. ஆப் காரருக்கு எழுதினன். வெளியால காசு குடுத்தபடியா தங்களுக்குச் சம்பந்தமில்லையாம், மூண்டு தரமும் அதே வசனம். வங்கியில, நீங்களா அனுப்பின காசு, இது வாடிக்கையாளர் தகராறு எண்டு முடிச்சிட்டினம். 385 பவுண்ஸ். சின்னவளின்ர நாலு மாத நீச்சல் வகுப்புக் காசு.

விபரமா எழுத நேரமில்லை, இப்ப அவளைக் கூட்டப் போகோணும். கெதியா:

அடுப்பையும் ஹீற்றரையும் சேர்த்துப் பாருங்கோ. ரெண்டும் சோர்ந்தா பிழை போத்தல் பக்கம். காஸ் வேலைக்கு வாறவன்ர அட்டையின்ர பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ, எந்தெந்த வேலைக்கு அனுமதி எண்டு அதிலதான் இருக்கும். சிவப்புப் போத்தலின்ர புரி மறுவளம், இடப்பக்கம் திருப்பினாத்தான் இறுகும். பூட்டினாப் பிறகு சவர்க்காரத் தண்ணி பூசிக் குமிழி வருதோ பாருங்கோ. காஸ் பெட்டியின்ர அடி ஓட்டையைக் குளிருக்குப் பயந்து அடைக்காதேங்கோ, காஸ் காத்தைவிடப் பாரம். பழைய சாமானைக் கையில வாங்காமக் காசு அனுப்பாதேங்கோ.

இப்பவும் ஒருக்கா ஆப்பைத் திறந்து பார்த்தன். அவன் இன்னும் 4.9இலதான் நிக்கிறான்.