மனச்சோர்வுக்கு மாத்திரையா, குங்குமப்பூவா, அமுக்கராவா?

போன ஆடி மாதம், கடையில் கூட்டம் இல்லாத ஒரு மதிய நேரம். முப்பது வயதைத் தொடாத ஒரு பெண் கண்ணாடி மேசைமேல் இரண்டு பொருட்களை வைத்தார். ஒன்று, மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் 50 மாத்திரையை எழுதிய மருந்துச் சீட்டு. இன்னொன்று, கணவரின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு டப்பா. மேலே மஞ்சள் பூ படம், கீழே 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற பெயர்.

"அண்ணா, இது செடியில இருந்து எடுத்ததாம். பக்கவிளைவே இல்லையாம். டாக்டர் எழுதினதுக்குப் பதிலா இதையே சாப்பிடட்டுமா?"

பேசப் பேசத்தான் தெரிந்தது, பத்து நாளாக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மாதாமாதம் என்னிடம்தான் மாலா-டி கருத்தடை மாத்திரை வாங்குகிறார். எனக்குப் பகீரென்றது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பதினெட்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். இதே கேள்வி குங்குமப்பூ, அமுக்கரா (அஸ்வகந்தா), மீன் எண்ணெய் என்று பெயர் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. மாத்திரைமேல் இருக்கும் பயம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் சிக்கலே சொல்லில் இருக்கிறது. வேலை நெருக்கடியில் வரும் படபடப்பையும் 'மன அழுத்தம்' என்கிறோம். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, எழுந்து பல் துலக்கவே மலைப்பாக இருக்கும் நோயையும் 'மன அழுத்தம்' என்கிறோம். முன்னது ஸ்ட்ரெஸ், பின்னது டிப்ரஷன், அதாவது மனச்சோர்வு. அமுக்கரா விளம்பரத்தில் 'மன அழுத்தம் குறையும்' என்று இருந்தால் அது முன்னதைத்தான் சொல்கிறது. வாங்குகிறவர் பின்னது என்று நினைத்து வாங்கிப் போகிறார்.

சரி, மாத்திரைப் பக்கம் முதலில். செர்ட்ரலின், எசிட்டலோப்ராம், ஃப்ளூவாக்ஸெடின் எல்லாம் மூளையில் செரட்டோனின் என்ற, மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஒரே குடும்பத்து மருந்துகள். இவற்றையும் வேறு வகைகளையும் சேர்த்து 21 மருந்துகளை எடுத்துக்கொண்டு, 522 ஆய்வுகளை, 1,16,477 பேரின் தரவுகளை ஒன்றாகப் பார்த்த அலசல் 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. 21 மருந்துகளுமே வெற்று மாத்திரையைவிட (ஒப்பீட்டுக்குக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) நன்றாக வேலை செய்தன. ஆனால் அந்த வித்தியாசம் சராசரியில் மிகப் பெரியதல்ல, நடுத்தரமானதுதான். நோய் கடுமையாக இருந்தால் பலன் தெளிவாகத் தெரிகிறது; லேசாக இருந்தால் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் இடைவெளி குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதலில் கொடுத்த மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டியிருந்தது.

பக்கவிளைவுகளையும் மறைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் குமட்டல், வயிற்றுக் கலக்கம், படபடப்பு வரலாம். தாம்பத்திய ஆசை குறைவது பலருக்கு உண்டு. கூச்சத்தில் யாரும் சொல்வதில்லை. இளம் வயதினருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் வீட்டார் கண்காணிக்க வேண்டும். 'அடிமையாகிடுவேனா' என்று கேட்பார்கள். போதைப் பொருள்போல ஏக்கம் வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரலாம். அதனால் டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இங்கே நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று உண்டு. மாத்திரை முழுப் பலன் காட்ட நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பக்கவிளைவோ முதல் நாளே வந்துவிடும். பத்தாவது நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு சூரணத்துக்கு மாறுகிறார்கள். மனச்சோர்வு சிலருக்குத் தானாகவும் குறையும் நோய் என்பதால் இரண்டு மாதத்தில் கொஞ்சம் தேறுகிறார்கள். பெயர் சூரணத்துக்குப் போகிறது. தேறாதவர் யாரிடமும் சொல்வதில்லை.

இனி அந்த மஞ்சள் பூ. இயற்கைப் பொருட்களில் மாத்திரையோடு நேருக்கு நேர் நிற்கக்கூடியது இது ஒன்றுதான். ஜெர்மனியில் டாக்டர்களே பல காலமாக எழுதிக் கொடுக்கும் மூலிகை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பாய்வு, 5,489 பேர் கலந்துகொண்ட 29 ஆய்வுகளை எடைபோட்டது. வெற்று மாத்திரையைவிட மேல், வழக்கமான மாத்திரைகளுக்குச் சமம், பக்கவிளைவால் பாதியில் விட்டவர்கள் குறைவு என்று முடிவு வந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில்தான் பலன் அதிகமாகத் தெரிந்தது என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. 2002-ல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்வில், முக்கிய அளவீடுகளில் இந்த மூலிகையும் வெற்று மாத்திரையை வெல்லவில்லை, ஒப்பீட்டுக்கு வைத்த செர்ட்ரலினும் வெல்லவில்லை.

அப்படியென்றால் ஏன் பயந்தேன்? இந்த மூலிகையில் இருக்கும் ஹைபர்ஃபோரின் என்ற பொருள், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. நாம் சாப்பிடும் வேறு மருந்துகள் வேலை முடிக்கும் முன்பே உடலைவிட்டு வெளியேறிவிடும். கருத்தடை மாத்திரை அப்படித்தான் பலமிழக்கும்; இதனால் எதிர்பாராமல் கருத்தரித்தவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்ஸின், எச்.ஐ.வி. மருந்துகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். 2000-ல் சூரிச்சில் மாற்று இதயம் பொருத்திய இரண்டு பேர் இந்த மூலிகையைச் சாப்பிட, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் விழுந்து, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கிவிட்டது. செர்ட்ரலினோடு சேர்த்துச் சாப்பிட்டால் செரட்டோனின் அளவு மீறி, காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பாதுகாப்புக்கு இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாம் என்று நினைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு பொருள் உடலுக்குள் போய் உண்மையாகவே வேலை செய்தால், அது செடியிலிருந்து வந்தாலும் மருந்துதான். மருந்துக்குக் கேட்கும் கேள்விகளையெல்லாம் அதனிடமும் கேட்க வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டியும், லேசான நிலையில் இந்த மூலிகைக்குப் பலன் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சரியான அளவு உறுதியாகத் தெரியாததாலும், தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதாலும், மற்ற மருந்துகளைக் கெடுப்பதாலும் டாக்டர்கள் இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது.

அந்தப் பெண்ணை அங்கேயே நிற்க வைத்து டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னேன். டப்பாவை நிறுத்துங்கள், இரண்டு வாரம் இடைவெளி விட்டுச் செர்ட்ரலினைத் தொடங்கலாம், ஒரு மாதத்துக்கு ஆணுறையும் பயன்படுத்துங்கள் என்றார் டாக்டர்.

குங்குமப்பூவுக்கு வருவோம். தெஹ்ரானில் நடந்த சின்னச் சின்ன ஆய்வுகள்தான் இதைப் பிரபலமாக்கின. தினம் 30 மில்லிகிராம் குங்குமப்பூச் சாறு, ஆறு வாரம். ஓர் ஆய்வில் 30 பேர், இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பீடு. இன்னொன்றில் 40 பேர், ஃப்ளூவாக்ஸெடினோடு ஒப்பீடு. இரண்டிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உடனே 'குங்குமப்பூ மாத்திரைக்குச் சமம்' என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். இவ்வளவு குறைந்த பேரை வைத்து, வெற்று மாத்திரைக் குழுவும் இல்லாமல் ஒப்பிட்டால், இரண்டும் சமமாக வேலை செய்தனவா, அல்லது ஆறு வாரத்தில் எல்லோரும் ஓரளவு தேறினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட வேறு ஆய்வுகளிலும் நல்ல அறிகுறி தெரிந்தது உண்மை. எனக்கு இதன்மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் லேசான மனச்சோர்வுக்கு மட்டும்.

பாலில் போடும் சிட்டிகை அந்த ஆய்வில் கொடுத்த அளவிட்ட சாறு ஆகாது. போலியும் அதிகம், சாயமேற்றிய நார் டப்பாவில் வந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று கர்ப்பிணிகளுக்கு அள்ளிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதிக அளவில் அது கர்ப்பத்துக்கு ஆகாது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் மனச்சோர்வைக் குங்குமப்பூப் பாலோடு விட்டுவிடுவது எனக்குக் கவலை தரும் விஷயம்.

அமுக்கரா நம் நாட்டு மருந்துக் கடையில் காலம்காலமாக இருப்பது. உடல் தேறவும் தூக்கத்துக்கும் சூரணமாகப் பாலில் கலந்து கொடுப்பார்கள். 2012-ல் ஐதராபாத்தில் 64 பேருக்கு 60 நாள் அதன் வேர்ச் சாறு கொடுத்துப் பார்த்ததில் ஸ்ட்ரெஸ் அளவு குறைந்தது. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வு நோய்க்கு மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் ஆதாரம் இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. இது தைராய்டு அளவைக் கூட்டக்கூடும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் தடையே போட்டுவிட்டது.

மீன் எண்ணெய் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெரிதாக 1000 என்று இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் பெரும்பாலும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மில்லிகிராம் என்று இருக்கும்; இவை இரண்டும் ஒமேகா-3 கொழுப்பு வகைகள். மனச்சோர்வில் பலன் காட்டியது முக்கியமாக இ.பி.ஏ.; வல்லுநர்கள் சொல்லும் அளவு தினம் ஒரு கிராமாவது. அப்படியானால் நாளுக்கு ஐந்தாறு குளிகைகள்! மாத்திரையோடு கூடச் சேர்க்கும் துணையாகத்தான் வல்லுநர்கள் இதைச் சொல்கிறார்கள். வராமல் தடுக்குமா என்று 50 வயது தாண்டிய 18,353 பேரிடம் ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்த அமெரிக்க ஆய்வு, தடுக்கவில்லை என்று 2021-ல் சொன்னது. மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள், உடம்புக்கு நல்லது. அதை மருந்தாக எண்ண வேண்டாம்.

சத்து மருந்து ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வைட்டமின் பி12 குறைவு, ரத்தசோகை, தைராய்டு குறைவு எல்லாம் அசதி, மறதி, மந்தம் என்று மனச்சோர்வு வேடத்திலேயே வரும். சைவம் மட்டுமே சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவு சாதாரணம். குறை இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதை நிரப்புவதுதான் சரியான சிகிச்சை. அதனால் குங்குமப்பூவுக்குச் செலவழிக்கும் முன் அந்தப் பணத்தில் இந்த மூன்று பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்வேன்.

என்னைக் கேட்டால், லேசான நிலையில் மாத்திரையும் அவசரமில்லை, மூலிகையும் அவசரமில்லை. பிரிட்டனின் 2022 வழிகாட்டியும் லேசான நிலைக்கு, நோயாளியே விரும்பினால் தவிர, மாத்திரையை முதலில் கொடுக்க வேண்டாம் என்கிறது. பேச்சு சிகிச்சை, கூட்டாகச் செய்யும் உடற்பயிற்சி போன்றவற்றைத்தான் முன்னே வைக்கிறது. நடுத்தரமோ கடுமையோ என்றால் மாத்திரைதான், பேச்சு சிகிச்சையோடு சேர்த்து. அந்த நிலையில் மூலிகையை முயன்று பார்க்கிறேன் என்று மூன்று மாதம் கழிப்பது, குடும்பத்தில் ஒருவரை மூன்று மாதம் தனியாக விடுவது மாதிரி. ஒரு காலத்தில் அளவு மீறிய உற்சாகமும் இன்னொரு காலத்தில் சோர்வும் வருகிறவர்கள் எதையும் தானாகத் தொடங்கக் கூடாது. மாத்திரையும் அந்த மஞ்சள் பூவும் இரண்டுமே உற்சாகத்தை வெறியாக்கிவிடலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் உடனே 14416-க்குப் பேசுங்கள். டெலி-மனஸ், தமிழிலேயே பேசலாம்.

மூலிகை சாப்பிடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் மறைப்பதுதான் என்னை வருத்துகிறது. சூரணம், லேகியம், ஊரிலிருந்து வந்த டப்பா எதையுமே மருந்து என்று யாரும் சொல்வதில்லை; டாக்டரும் பல நேரம் கேட்பதில்லை. இப்போதெல்லாம் மனநல மருந்துச் சீட்டு வந்தால் நானே கேட்டுவிடுகிறேன், "வேற என்ன சாப்பிடுறீங்க, நாட்டு மருந்து உட்பட?" அவர்கள் சொல்வதை அளவோடு சீட்டின் பின்பக்கம் எழுதித் தருகிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.