பெயர் போடும் வேலை, கையெழுத்துப் போடும் வேலை, பெயரே இல்லாத வேலை

பத்திரிகை, சிறுதொழில், மக்கள் பிரதிநிதி ஒருவரின் அலுவலகம் என மூன்றிலும் இருந்திருக்கிறேன். "இதில் எதற்குப் போகலாம் சார்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் சம்பளம் பற்றியோ வேலை நேரம் பற்றியோ முதலில் பேசுவதில்லை. "உனக்கு ஒரு சேதி தெரிந்துவிட்டால் எவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் வைத்திருப்பாய்?" என்றுதான் கேட்பேன். சிரிப்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை பெரிய வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

நிருபராக இருந்தபோது ஒரு பாட்டி வந்தார். கையில் பாலிதீன் பை, அதற்குள் எட்டாக மடித்த காகிதங்கள். பதிவேட்டில் அவரை இறந்தவராகக் குறித்து ஓய்வூதியத்தை நிறுத்தியிருந்தார்கள். அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் படத்தோடு, மேலே என் பெயரோடு வந்தது. நாலு பேர் போன் செய்து பாராட்டினார்கள். பாட்டிக்குப் பணம் வந்ததா என்று கேட்க வேண்டும் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் நான் வேறு ஸ்டோரியில் இருந்தேன்.

பல வருஷம் கழித்து, பிரதிநிதியின் அலுவலகத்தில் மனுக்கள் பார்க்கும் மேஜை. கிட்டத்தட்ட அதே பிரச்சினையோடு ஒருவர் வந்தார். இரண்டு சான்றிதழில் பிறந்த தேதி வேறு வேறு. தலைவர் கையெழுத்தோடு கடிதம் போட்டேன். நான்கு முறை போன் செய்தேன். அப்புறம் நேரிலேயே போனேன். பணம் வந்துவிட்டது. அவர் நன்றி சொன்னது தலைவருக்கு; அந்த வேலையில் அப்படித்தான். ஆனால் நேரில் போன அன்று மேஜைமேல் கிடந்த பட்டியலையும் பார்த்துவிட்டேன். அதே குளறுபடியில் மாட்டியவர்கள் நாற்பது பேருக்கு மேல். எனக்குள் இருந்த பழைய நிருபருக்குக் கை துறுதுறுத்தது. தலைவரிடம் சொன்னேன். "தெரியும். இப்ப வேண்டாம், நான் உள்ளே பேசிக்கிறேன்" என்றார். பேசவும் பேசினார், பாதிப் பேருக்கு நடந்தது. செய்தியாக வந்திருந்தால் நாற்பது பேருக்கும் நடந்திருக்குமா, இல்லை எல்லாமே இழுத்தடித்திருக்குமா என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நடத்தியது ஒரு சிறிய அச்சகம். போட்டிக் கடைகள் இரண்டின் தள்ளுபடி நோட்டீஸ் ஒரே இரவில் ஒரே இயந்திரத்தில் ஓடும். இவர் விலை அவருக்குத் தெரியக் கூடாது. தேர்தல் வந்தால் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவருக்கும் துண்டறிக்கை நாமே. இதில் மனசாட்சிக் குழப்பம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1731-லேயே தன் பத்திரிகையில் இதை எழுதிவிட்டார்: அச்சிடுகிறவர் இரண்டு தரப்புக்கும் அச்சிடுவார், அச்சிட்டதையெல்லாம் அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிராங்க்ளின் மூன்று வேலையையும் ஒரே நேரத்தில் பார்த்தவர். சொந்த அச்சகம். 1729-லிருந்து சொந்தப் பத்திரிகை. 1736-லிருந்து பென்சில்வேனியா சட்டமன்றத்தின் எழுத்தர். அந்த எழுத்தர் பதவியால் சட்டங்களையும் காகிதப் பணத்தையும் அச்சடிக்கும் வேலை தனக்கே வந்தது என்று கூச்சமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு இது நடந்தால் நிருபர்கள் சும்மா விடுவார்களா! அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. எழுத்தர் என்பதால் விவாதத்தில் அவர் பேச முடியாது. அலுப்புத் தாங்காமல் உட்கார்ந்த இடத்திலேயே மாயச் சதுரங்கள் (எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டங்கள்) போட்டுக்கொண்டிருந்தாராம். அரசியல் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எடுத்த எவருக்கும் அந்த அலுப்பு தெரியும்.

வாயை மூடி வைப்பது எந்த வேலையில் என்ன விலைக்கு வரும் என்பதை ஒரே வழக்கில் பார்க்க வேண்டுமா? அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் அதிகாரி ஒருவரின் பெயர் 2003-ல் பத்திரிகைக்குக் கசிந்தது. அதுபற்றிய விசாரணையில், தன்னிடம் பேசியவர் யார் என்று சொல்ல மறுத்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லர் 2005-ல் 85 நாள் சிறையில் இருந்தார். அவரிடம் பேசியவர் துணை ஜனாதிபதியின் தலைமை அலுவலர் லூயிஸ் லிபி. விசாரணையில் பொய் சொன்னதற்காகவும் நீதியைத் தடுத்ததற்காகவும் 2007-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 30 மாதச் சிறையை ஜனாதிபதி ரத்து செய்தார், மன்னிப்பு 2018-ல்தான் வந்தது. நிருபர் வாயை மூடியது சேதி தந்தவருக்காக. அலுவலர் வாயை மூட வேண்டியிருப்பது தலைவருக்காக. முன்னதைத் தொழில் தர்மம் என்பார்கள், பின்னதை விசுவாசம் என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை, மாறிப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணத்துக்கு வருவோம். பத்திரிகைச் சம்பளம் குறைவு, ஆனால் தேதிக்கு வரும் (வராத பத்திரிகைகளும் உண்டு). அரசியல் அலுவலகத்தில் தலைவரின் நாற்காலியோடு உங்கள் நாற்காலியும் கட்டப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் அமைச்சர் பதவி விலகினால் அவருடைய சிறப்பு ஆலோசகரின் வேலையும் அன்றோடு முடிந்தது. நீங்கள் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் சரி, வாக்கு எண்ணும் நாள் சாயங்காலம் வேலை போய்விடலாம்.

சிறுதொழிலில் நஷ்டத்தைவிட ஆபத்தானது நாள் கணக்கு. காகிதக்காரருக்கு 30 நாளில் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் 90 நாள் கழித்துத் தருவார். நடுவில் உள்ள 60 நாளை உங்கள் கைக்காசோ கடனோதான் தாங்க வேண்டும். ஆர்டர் கூடக்கூட அந்தப் பள்ளமும் ஆழமாகும். லாபக் கணக்கு காட்டிக்கொண்டே மூழ்கலாம். நான் கிட்டத்தட்ட மூழ்கினேன். அச்சகத்தை விற்றபோது நிலுவைப் பட்டியலில் முதலில் இருந்தது ஒரு பத்திரிகை. இரண்டாவது ஒரு கட்சி அலுவலகம்.

வேலை நேரம்? மூன்றிலும் மோசம். அதை விட்டுவிடலாம்.

எழுத்தில் ஆசை உள்ளவர்களுக்கு அலுவலக வேலையில் ஒரு கிறக்கம் உண்டு: தலைவருக்கு உரை எழுதுவது. வில்லியம் சஃபையர் நாளிதழ்ப் பத்தி ஒன்றுக்குச் செய்தி திரட்டுபவராகத் தொடங்கி, சொந்தமாக மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்தி, பிறகு அமெரிக்க ஜனாதிபதி நிக்சனுக்கு உரை எழுதியவர். அப்பல்லோ 11 கிளம்பியபின் 1969 ஜூலையில் அவர் எழுதிய ஒரு சிறு உரை உண்டு. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலிருந்து திரும்ப முடியாமல் போனால் ஜனாதிபதி வாசிக்க வேண்டியது. இருவரும் திரும்பினார்கள், உரை கோப்புக்குள் போய், பல வருஷம் வெளியே தெரியாமல் கிடந்தது. அருமையான எழுத்து அது. அந்த வேலையில் உங்கள் நல்ல பக்கம் ஒன்று இப்படிக் கோப்பில் கிடக்கலாம் என்பதற்குச் சம்மதம் இருந்தால்தான் போக வேண்டும். அதே சஃபையரின் தொலைபேசியை அவர் வெள்ளை மாளிகையில் இருந்தபோதே ஒட்டுக்கேட்டதும் நடந்தது. யாருக்காகத் தான் வாயை மூடியிருந்தாரோ அவருடைய ஆட்சியே செய்தது.

எந்த வரிசையில் போவது என்று கேட்டால் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பத்திரிகை முதலில், தொழில் அடுத்து, அரசியல் அலுவலகம் கடைசியில். பத்திரிகையிலிருந்து அரசியலுக்குப் போகும் கதவு எப்போதும் திறந்திருக்கும். திரும்பி வரும்போதுதான் இடிக்கும். 1973-ல் சஃபையர் நியூயார்க் டைம்ஸில் பத்தி எழுத வந்தபோது, நிக்சனின் ஆள் இங்கே எதற்கு என்று முணுமுணுத்தார்கள். ஐந்து வருஷம் எழுதி 1978-ல் பத்திரிகையாளர்களுக்கான புலிட்சர் பரிசு வாங்கியபின் அந்தப் பேச்சு அடங்கியது. எல்லோருக்கும் அவ்வளவு கை வராது. எனக்கு வரவில்லை, அலுவலகத்திலிருந்து வெளியே வந்தபின் நான் எழுதி அனுப்பிய முதல் அரசியல் கட்டுரையை, பழகிய ஆசிரியர் ஒருவர் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். மேலே பென்சிலில் ஒரு வரி: "யார் சார்பாக?"