பழைய உல்லன் ஸ்வெட்டர் மூட்டை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வியாசர்பாடிப் பக்கம் ஒரு கிடங்கிலிருந்து, கைவினை செய்கிற பெண்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களாகப் பார்த்து ஒரு ஆள் பழைய ஸ்வெட்டர் விற்கிறார். "ஒரிஜினல் உல்லன், கிலோ 250" என்று படத்தோடு வரும். நான் 15 கிலோ எடுத்தேன். பணம் போனது ஒரு பக்கம், கிறிஸ்துமஸுக்கு ராயபுரத்திலும் பெரம்பூரிலும் பிடித்து வைத்திருந்த ஆர்டர்கள் நின்றுபோனது இன்னொரு பக்கம். இன்னொருத்தர் இதில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பழைய கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் சோப்பு போட்டு மெஷினில் நன்றாக அலைய விட்டால் அது ஃபெல்ட் ஆகும். ஆட்டு ரோமத்தின் இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் குலுக்கலும் சேரும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஸ்வெட்டர் சுருங்கி, பின்னலே தெரியாத தடித்த துணியாகிவிடும். அதை எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் அடிக்கவும் வேண்டாம். வாசல் தோரணம், பூக்கள், குஷன் உறை, டீ கப்புக்கு அடியில் வைக்கிற வட்டு எல்லாம் அதில் அவ்வளவு அழகாக வரும். அக்ரிலிக் என்பது கம்பளி மாதிரியே இருக்கிற செயற்கை நூல், அதற்குச் செதில் கிடையாது. எத்தனை தடவை போட்டு எடுத்தாலும் ஃபெல்ட் ஆகாது.

எனக்கு வந்த மூட்டையில் முக்கால்வாசி அக்ரிலிக். பழைய துணியில் கலப்படம் வருவது சகஜம், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் '100% உல்' என்று லேபிள் வைத்துத் தைத்திருந்தார்கள். ஸ்வெட்டர் வெளுத்துப்போய், கை ஓரமெல்லாம் உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடக்கிறது. லேபிள் மட்டும் மடிப்புக் கலையாமல் புத்தம் புதிதாக இருக்கிறது. பளபளவென்று வெள்ளைப் பாலியெஸ்டர் நூலில் தையல். பிரித்துப் பார்த்தால், அதற்கு அடியில் பழைய லேபிளைக் கத்தரித்த மிச்சம். இது தெரியாமல் நடந்தது இல்லை, உட்கார்ந்து செய்த மோசடி.

போன் செய்தேன். "ரொம்பச் சுடுதண்ணில போட்டிருப்பீங்கக்கா, அதான் உல் கெட்டுப்போச்சு" என்றார். கம்பளி சுடுதண்ணீரில் சுருங்கும். சுருங்கவே இல்லை என்பதுதானே என் புகார்! குழுவில் சிலர் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். தண்டையார்பேட்டை போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது என்பது உண்மைதான். அதனாலேயே நான் மெட்ரோ வாட்டரைத்தான் காய்ச்சி ஊற்றுகிறேன். அதே தண்ணீரில், அதே மெஷினில், கூடவே போட்ட என் மாமனாரின் பழைய கம்பளி ஸ்வெட்டர் குழந்தை போடுகிற அளவுக்குச் சுருங்கி வந்தது.

பில் கேட்டதற்கு, "பழைய துணிக்கு ஏதுக்கா பில்?" என்றார். கடைசியாக, "நீங்க பிசினஸுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது" என்று சொல்லிவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. வீட்டிலிருந்து தைத்துப் பிழைக்கிற நாம் நுகர்வோர்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருடம் வரை நேரம் உண்டு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நான் புகார் கொடுத்துவிட்டேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பிரித்த லேபிள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் எதையும் அழிக்காதீர்கள்.

லேபிளை நம்பாமல் நூலைப் பாருங்கள். உள்தையலிலிருந்து ஒரு இழையை இழுத்து, கிடங்குக்கு வெளியே தெருவில் வந்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டி எரியும். ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும், நசுக்க வராது. சொட்டுகிற துளி கையில் பட்டால் சுட்டுவிடும், ஜாக்கிரதை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருக்கும் கம்பளியில் பெரும்பாலும் செதிலை மழுக்கியோ மேலே பூச்சு கொடுத்தோ இருப்பார்கள். தீயில் பாஸ் ஆகும், ஃபெல்ட் ஆகாது. அதனால் ஒரே ஒரு ஸ்வெட்டரை வாங்கி வந்து துவைத்துப் பார்க்காமல் மூட்டைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த ஆள் இப்போது வேறு நம்பரிலிருந்து 'ஊட்டி சரக்கு, ஸ்டாக் கம்மி, அட்வான்ஸ் போட்டா எடுத்து வைக்கிறேன்' என்று அனுப்புகிறார். படத்தில் தெரிகிற லேபிள் எனக்கு வந்த அதே லேபிள். உங்கள் குழுவுக்கும் வந்திருந்தால் அட்வான்ஸ் போடாதீர்கள். ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்தவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.