கிராம்ப்ஸ்: ஏழு சென்சஸ் தாள்களும் வயதைக் குறைத்துக்கொண்ட ஒரு பாட்டியும்

1861-க்கும் 1891-க்கும் நடுவில் 30 வருஷம். இந்த 30 வருஷத்தில் என் மாமியாரின் கொள்ளுப்பாட்டிக்கு 25 வயதுதான் கூடியிருக்கிறது.

1861 சென்சஸில் அவளுக்கு 14 வயது, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி நூற்பாலை வேலை. 1871-இல் கல்யாணமாகி 22, கணவனுக்கு 21. 1881-இல் இரண்டு பேருக்கும் 31. 1891-இல் கணவனுக்கு 41, அவளுக்கு 39! அவன் இறந்த பிறகு 1901-இல் 53, 1911-இல் 64 என்று வயது மெல்லப் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுகிறது. தன்னைவிடச் சின்னவனைக் கட்டிக்கொண்டதை அவள் 20 வருஷம் சென்சஸ்காரரிடம் மறைத்திருக்கிறாள் என்பது என் ஊகம். இதை நான் கண்டுபிடித்தது, குடும்ப வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளால். அதனால்தான் இந்த விமர்சனம்.

நான் அம்பாசமுத்திரத்துப் பெண். இப்போது பிராட்ஃபோர்டில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. மாமியார் வெள்ளைக்காரர், வயது 78. அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், இந்த ஊர் வழக்கம் அது (ஊரில் அம்மாவுக்கு இன்னும் இது ஒப்பவில்லை). ஒரு நாள் அவர் சேர்த்து வைத்திருந்த சென்சஸ் பிரதிகளை என்னிடம் கொடுத்து, "நீதான் கணக்குக்காரி, இதை ஒழுங்கு பண்ணு" என்றார்.

முதலில் எக்ஸெலில் ஆரம்பித்தேன். ஆளுக்கொரு ஷீட். ஒரே வீட்டில் ஏழு பேர் என்றால் அதே விலாசத்தையும் அதே ஆவண எண்ணையும் ஏழு தடவை அடிக்க வேண்டும். ஒன்றில் பிழை கண்டால் ஏழிலும் திருத்த வேண்டும். நான் மூன்றில் திருத்தி நாலை மறந்தேன். என் அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். ஒரு வவுச்சரை இரண்டு இடத்தில் பதிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. நான் ஏழு இடத்தில் பதிந்துகொண்டிருந்தேன்.

கிராம்ப்ஸ் 2001-இலிருந்து இருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும். இதன் முக்கியமான குணம், சென்சஸை ஒரு ‘நிகழ்வாக’ ஒரே தடவை பதிந்துவிட்டு அந்த வீட்டில் இருந்த எல்லோரையும் அதில் மாட்டிவிடலாம் என்பது. தாள் ஒன்று, ஆள் ஏழு. திருத்தம் ஒரு இடத்தில்.

சென்சஸ் படிவத்தையே திரையில் கொண்டுவர ‘ஃபார்ம்ஸ்’ என்ற கூடுதல் துண்டைத் தனியாக நிறுவ வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நிறுவினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வருஷத்து சென்சஸையும் ஒரு ‘சோர்ஸ்’ ஆக, அதாவது ஆதாரமாக, உண்டாக்கி, அதற்கு ‘ஃபார்ம்’ என்று ஒரு பண்பு சேர்த்து, நாட்டையும் வருஷத்தையும் குறிக்கும் சங்கேதத்தை அதன் மதிப்பாகக் கொடுத்தால்தான் அந்தப் படிவம் பட்டியலில் வரும். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது இதற்குத்தான். வழிகாட்டியைப் படிக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் சுகம். 1841-க்கு ஒரு மாதிரிப் படிவம், 1851-க்கு வேறு மாதிரி. அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 1841-இல் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்று கேட்கவே இல்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 1851-இலிருந்துதான் உறவு, சரியான வயது, பிறந்த ஊர் எல்லாம் வருகின்றன. எக்ஸெலில் எல்லா வருஷத்துக்கும் ஒரே தலைப்புகளை வைத்திருந்த நான், 1841-இல் ‘35’ என்று பார்த்ததை அப்படியே நம்பிக் கொண்டிருந்தேன்.

படிவத்தில் தாளில் உள்ளதை உள்ளபடியே எழுதலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1891 தாளில் 39 என்று இருந்தால் 39. அது பொய் என்று எனக்குத் தெரிந்தாலும் 39. பிறந்த தேதி தனியாக, என் முடிவாக நிற்கும். 1851-இல் அவளுக்கு வயது 4. அதையும் 1861, 1911 தாள்களையும் சேர்த்து, அந்தந்த சென்சஸ் நாளை வைத்துக் கணக்குப் போட்டால் 1846 ஏப்ரல் 8-க்கும் 1847 மார்ச் 30-க்கும் நடுவில் பிறந்திருக்க வேண்டும். ‘இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையில்’ என்று அப்படியே பதியக் கிராம்ப்ஸ் இடம் கொடுக்கிறது. அடியில் மூன்று தாள்களையும் வவுச்சர் மாதிரி கோத்துவிட்டேன்.

வவுச்சர் எண், அதாவது தாளின் ஆவண எண் விஷயத்தில் ஒரு யோசனை. 1881 என்றால் ஆர்.ஜி. 11 (அந்த வருஷத்து சென்சஸுக்கு ஆவணக் காப்பகம் வைத்த குறி), பிறகு பீஸ் (கட்டு எண்), ஃபோலியோ (தாள் எண்), பக்கம். இதே வரிசையில் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஃபோலியோ எண்ணைத் தாளின் முன்பக்கத்தில் மட்டும்தான் முத்திரை குத்தியிருப்பார்கள், பின்பக்கத்துக்கும் அதே எண்தான். அது தெரியாமல் பின்பக்கத்துக்கு நானே ஒரு எண் கூட்டிப் போட்டு வைத்திருந்தேன். 1911-க்கு ஃபோலியோவே கிடையாது. ஆர்.ஜி. 14, பீஸ், ஷெட்யூல் எண் (வீட்டுப் படிவத்தின் எண்), அவ்வளவுதான். படக் கோப்புகளுக்கும் வருஷம் முதலில் வருகிற மாதிரி இதே எண்ணைப் பேராக வைத்தால் தேடவே வேண்டியதில்லை.

தொல்லைகளும் உண்டு. படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால் அந்த ஆளைத் தரவில் ஒரு நபராக உண்டாக்கியாக வேண்டும். 1871-இல் பாட்டி வீட்டில் நாலு பேர் வாடகைக்குக் குடியிருந்தார்கள், நாலு பேரும் சொந்தமில்லை. எதற்கு இந்த வெட்டி வேலை என்று அலுத்துக்கொண்டேதான் சேர்த்தேன். 1881 தாளைப் பதியும்போது பார்த்தால், அந்த நாலு பேரில் ஒருவன் பாட்டியின் தங்கையைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் நடத்துகிறான். சரி, இனி குடக்கூலிக்காரர்களையும் விடாமல் பதிவது என்று முடிவு செய்தேன்.

1911 தாள் தனிக் கதை. அதற்கு முந்தைய வருஷங்களில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பவர் படியெடுத்த புத்தகம். 1911-இல் வீட்டார் நிரப்பிய தாளே இருக்கிறது. கல்யாணமான பெண்களிடம் மட்டும் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடிருக்கிறது, எத்தனை போயிற்று என்று கேட்டிருந்தார்கள். விதவைகள் அதை நிரப்பத் தேவையில்லை. பாட்டி நிரப்பியிருக்கிறாள்: 9, 5, 4. தேவையில்லை என்று யாரோ அதன் மேல் கோடு இழுத்திருக்கிறார்கள். கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாகவே தெரிகின்றன. ‘அடிக்கப்பட்டது’ என்று குறிக்கப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை, குறிப்பில் எழுதிச் சேர்த்தேன். மாமியாரிடம் காட்டினேன். இத்தனை வருஷம் அவருக்குத் தெரிந்தது ஏழு பிள்ளைகள்தான். மற்ற இரண்டும் ஒரு சென்சஸுக்கும் அடுத்த சென்சஸுக்கும் நடுவில் பிறந்து நடுவிலேயே இறந்தவை, எந்தத் தாளிலும் பேர் ஏறவில்லை. அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு டீ போடப் போனார்.

இடப்பெயர்களையும் கிராம்ப்ஸ் நன்றாகக் கையாள்கிறது. பிராட்ஃபோர்ட் இருந்த மாவட்டம் 1974 வரை வெஸ்ட் ரைடிங், அதற்குப் பிறகு வெஸ்ட் யார்க்‌ஷயர். ஒரே ஊரைத் தேதி போட்டு இரண்டுக்குள்ளும் வைக்கலாம்.

எச்சரிக்கை இரண்டு. படங்களைக் கிராம்ப்ஸ் தனக்குள் விழுங்கிக்கொள்வதில்லை, அவை இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைக்கும். நீங்கள் ஃபோல்டரை நகர்த்தினால் படம் காணாமல் போகும். இன்னொன்று, படங்களோடு சேர்த்து பேக்கப் எடுப்பது உங்கள் பொறுப்பு. லேப்டாப் மாற்றியபோது நான் எடுக்கவில்லை. மூன்று வாரப் பதிவு போயிற்று. இதற்கு யாரையும் நோக முடியாது.

கிராம்ப்ஸ் எதையும் தேடித் தராது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1881-இன் எழுத்துப்படி ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். மற்ற வருஷப் படங்களுக்கு நான் நூலகக் கணினியில் உட்கார்ந்தேன். சந்தா வாங்கும் ஒரு தளத்தில் ஒரு மாதம் இருந்தும் பார்த்தேன். ‘உங்கள் பாட்டி இவராக இருக்கலாம்’ என்று அது லங்காஷயரில் வேறொரு பெண்ணைக் காட்டி, ஒரு சொடுக்கில் குடும்ப மரத்தில் ஒட்டவைக்கப் பார்த்தது. பேர் ஒன்று, வயது ஒன்று, பிறந்த ஊர் வேறு. கிராம்ப்ஸில் எல்லாம் கையால் அடிக்க வேண்டியிருப்பதால் அந்த அவசரத்துக்கு வழியில்லை. ஒரு வீட்டுத் தாளைப் பதிய எனக்கு 20 நிமிஷம் ஆகிறது. அந்த 20 நிமிஷத்தில்தான் 39 என்ற எண் கண்ணில் உறுத்தியது.

அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "நம்ம பக்கம் எழுதலியா?" என்று கேட்டார். எழுத ஆசைதான். ஆனால் நம் ஊரில் 1948 சென்சஸ் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்க்க முடியாது. என் கொள்ளுப்பாட்டியையும் தலை எண்ணியிருப்பார்கள், பேர் எழுதிய தாள்தான் கைக்கு வராது. அவளைப் பற்றி அப்பாவிடம் இருப்பது ஒரே வரி: "தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவ."

சரி என்று பதிந்தேன். பிறப்பு: 1876-க்கும் 1878-க்கும் இடையில். ஆதாரம்: அப்பா சொன்னது. நம்பகம் எவ்வளவு என்று ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது கிராம்ப்ஸ். ‘குறைவு’ என்று வைத்தேன். வீடியோ காலில் திரையைக் காட்டியபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"குறைவா? ஆரு, நானா?"

"வவுச்சர் இல்லியேப்பா" என்றேன்.