மாலுக்குள் நண்பகல்: ஒரு ரோ கோப்பா, ஐந்தா?

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமமொன்றில், கிடுகு வேய்ந்த மாலுக்குள் (கொட்டிலுக்குள்) நண்பகலில் கமெராவோடு நிற்பவருக்கு, வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் எச்.டி.ஆர் ஒளிப்படம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. வெளியே முற்றத்து மணல் கண்ணைக் கூசவைக்கிறது. உள்ளே வளையில் தொங்கும் உறி இருளோடு இருளாகக் கிடக்கிறது. வில்லைத் துளையை எஃப் 8 என்றும், ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்றும் வைத்து அளந்தபோது, மணல் வெளிறிப்போகாமலிருக்க 1/1000 வினாடியும், கூரையின் உட்புறக் கிடுகுப் பின்னல் தெளிவாகத் தெரிய 1/4 வினாடியும் வேண்டியிருந்தன. இடைவெளி 8 ஸ்டொப்; ஒரு ஸ்டொப் என்பது ஒளி இருமடங்காவது. அதாவது ஒளியில் ஏறக்குறைய 250 மடங்கு.

முதல் வழி ஒற்றை ரோ, அதாவது சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஒரு கோப்பு. இன்றைய நல்ல சென்சர்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் 12 முதல் 14 ஸ்டொப் வரை பதியக்கூடியவை என்பதால், மணலுக்கு அளந்து ஒரேயொரு ரோ கோப்பை எடுத்து, இருண்ட பகுதியைக் கணினியில் வெளிச்சமாக்கினால் என்ன என்று கேட்பது நியாயமே. ஆனால் 14 பிட் ரோவில் உள்ள 16,384 வெளிச்சப் படிகளில் பாதியை மிகப் பிரகாசமான ஒரு ஸ்டொப்பே எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதில் பாதி அடுத்த ஸ்டொப்புக்குப் போகிறது. இப்படியே இறங்கினால், உச்சியிலிருந்து 8 ஸ்டொப்புக்குக் கீழே கிடக்கும் நிழல் முழுவதற்கும் சேர்த்து 64 படிகள்தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய குறை, அந்த நிழலிலிருந்து சென்சருக்கு வந்து சேர்ந்த ஒளியே மிகச் சொற்பம் என்பது. அதைத் தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்து எழும். கிடுகின் பழுப்பு நிறத்தில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் தெரியும்.

இரண்டாவது வழி, பிரக்கெட்டிங் செய்த, அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த, ரோ கோப்புகளை ஒன்றிணைப்பது. சாணி மெழுகிய தரையில் முக்காலியை ஊன்றி, 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4 என 2 ஸ்டொப் இடைவெளியில் 5 படங்கள் எடுத்தால் போதும். மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டுமே. துளையை மாற்றினால் படத்துக்குப் படம் குவிய ஆழம் மாறிவிடும், தானியங்கிக் குவியத்தை விட்டுவைத்தால் அது ஒரு படத்தில் உறியையும் இன்னொன்றில் வாசலையும் பிடிக்கும். கமெரா 3 படங்களுக்கு மேல் தானாக எடுக்காவிட்டால், மனுவல் முறையில் ஷட்டரைக் கையால் மாற்றிக்கொள்ளலாம். மிக இருண்ட படத்தின் ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமலும், மிக வெளிச்சமான படத்தினது இடது ஓரத்தில் ஒட்டாமலும் இருந்தால் காட்சி முழுதும் பிடிபட்டுவிட்டது.

1997இல் டெபெவெக், மாலிக் ஆகிய ஆய்வாளர் இருவரும் இம்முறையை வகுத்தபோது, படச்சுருளும் சாதாரண டிஜிட்டல் படமும் ஒளியை நேர்விகிதத்தில் அல்லாமல் ஒரு வளைகோட்டின்படி பதிவதால், அந்த வளைவை முதலில் கணக்கிட்டு நேராக்க வேண்டியிருந்தது. ரோ கோப்பு ஒளியை நேர்விகிதத்திலேயே பதிவதால் அந்தச் சிரமம் நமக்கில்லை. இணைத்துக் கிடைக்கும் டிஎன்ஜி கோப்பும் ரோவைப் போலவே நடந்துகொள்ளும். வெள்ளைச் சமநிலையைக்கூடப் பிறகு மாற்றலாம். கற்பவருக்கு இந்த இரண்டாவது வழியையே முதலில் சொல்வேன்.

மூன்றாவது வழியான எக்ஸ்போஷர் ஃபியூஷன், 2007இல் மெர்ட்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் ஆகியோர் முன்வைத்தது. என்ஃபியூஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. ஒவ்வொரு படத்திலும் நன்றாகப் பதிந்த பகுதிக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கலப்பதால், விளைவு பெரும்பாலும் இயல்பாகவே வரும். ஆனால் முன்கூட்டியே டிஃப் போன்ற வடிவத்துக்கு மாற்றிய படங்களைத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், நிறம் பற்றிய முடிவுகள் தொடக்கத்திலேயே உறைந்துவிடுகின்றன. கலியாண மண்டபத்தை அவசரமாக எடுத்துக் கொடுப்பவருக்கு இது நல்ல வழி, பழகுபவருக்குப் போதாது.

மென்பொருள்களில் லைட்ரூம் படங்களைத் தானே பொருத்தி, அசைந்தவற்றையும் சரிசெய்யும், ஆனால் சந்தா கட்ட வேண்டும். டார்க்டேபிள் இலவசம், எனினும் அதன் எச்.டி.ஆர் இணைப்பு படங்களைப் பொருத்தாது; முக்காலி சற்று நகர்ந்திருந்தால் உறியின் கயிறு இரண்டாகத் தெரியும். ஆகவே பொருத்தும் வேலையையும் செய்யும் இலவச எச்.டி.ஆர் மெர்ஜில் இணைத்து, டார்க்டேபிளில் திருத்துவதே படமெடுக்கப் பழகும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றது. திருத்தும்போது கிடுகை மணலளவுக்கு வெளிச்சமாக்கிவிடக் கூடாது. வெயிலிலிருந்து மாலுக்குள் நுழைபவருக்கு அந்த அரையிருளே குளிர்ச்சி. அது படத்திலும் இருக்க வேண்டும்.

இரணைமடுக் குளக்கட்டில் கதை வேறு. சோழகக் காற்று வீசும் மாதங்களில் அலையும் பனையோலையும் படத்துக்குப் படம் இடம் மாறும். மென்பொருள் அசைந்த பகுதிக்கு ஏதாவது ஒரு படத்தைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால், 5 படங்கள் எடுத்த பயன் அங்கேயே போய்விடும். அங்கே வானத்துக்கு அளந்து எடுத்த ஒற்றை ரோவையே நம்புகிறேன். காற்று விழுந்த விடியற்காலையில், நீர் கண்ணாடியாகக் கிடக்கும்போது மட்டும் முக்காலியை விரித்து 3 படங்கள் எடுப்பேன்.