மினி டிராக்டருக்கு எக்ஸ்ட்ரா லைட் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

நீலகிரியில் கேத்தி பாலாடா, நஞ்சநாடு, இத்தலார் பக்கம் மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கீழே இருந்து வேனில் வந்து, தோட்டத்திலேயே நிறுத்தி வேலை விளக்கு மாட்டித் தருகிற ஆள் ஒருவர் இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார். எங்கள் வண்டிக்கும் அவர்தான் மாட்டினார். அந்த ஒயரிங்கால் டாஷ்போர்டுக்கு உள்ளே தீப்பிடிக்கப் பார்த்தது. வண்டியில் இருந்த சித்தப்பா மகன் சுதாரித்து பேட்டரி டெர்மினலைக் கழற்றியதால்தான் வண்டியும் அவனும் தப்பினார்கள்.

நமக்கு இந்த லைட் ஆடம்பரம் கிடையாது. கேரட் அறுவடை விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. பிடுங்கி, மிஷினில் கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தில் இறக்கினால்தான் விலை. வண்டியோடு வரும் ஹெட்லைட் முன்னால் மட்டும்தான் காட்டும். பின்னால் டிரெய்லரும் மூட்டையும் ஆட்களும் இருட்டில் நிற்கிறார்கள். படிப்படியாக வெட்டின தோட்டத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கரை எங்கே முடிகிறது என்று தெரியாது. தேயிலை ஓரத்தில் காட்டெருமை நின்றால் பக்கத்தில் போகும்வரை கண்ணில் படாது. அதனால் விளக்கு மாட்ட வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். மாட்டுகிற விதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவர் நான்கு எல்இடி விளக்கு கொடுத்தார். ஒவ்வொன்றும் 72 வாட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. ஐபி 67 என்றும் இருந்தது. அதாவது தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். மாட்டின வாரமே இரண்டு விளக்கில் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர ஆரம்பித்தது. பிறகு குன்னூரில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு விளக்கைப் பிரித்துக் காட்டினார். கண்ணாடிக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் வாஷரே இல்லை, வெறும் பசைதான். மீட்டர் வைத்துப் பார்த்தார். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட்டில் ஒரு விளக்கு இழுத்தது 1.3 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 18 வாட். 72 என்று சொல்லி 18-ஐ விற்றிருக்கிறார். இதை யாரும் மீட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இருட்டில் எல்இடி எப்படியும் வெளிச்சமாகத்தான் தெரியும்.

அந்தக் காசு போனால் போகட்டும். எனக்கு ஆறாத கோபம் ஒயரிங்கில்தான்.

நான்கு விளக்குக்கும் அந்த வேன்காரர் கரண்ட் எடுத்தது ஹெட்லைட் ஒயரிலிருந்து. பேட்டரிக்குத் தனி லைன் இல்லை, ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்) இல்லை, தனி ஃபியூஸ் இல்லை. கம்பெனி ஒயரைப் பிளேடால் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். எங்கள் வண்டியில் அந்த லைனுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு ஹெட்லைட்டும் ஹை பீமில் எரிந்தால் அதுவே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். டெயில் லைட்டும் மீட்டர் பல்பும் அதே லைனில்தான். அதற்கு மேல் இந்த நான்கும் சேர்ந்து 5 ஆம்பியருக்கு மேல் கேட்டால் ஃபியூஸ் தாங்குமா? போய்விட்டது. போன் போட்டோம். வந்தார், நீல ஃபியூஸைக் கழற்றிவிட்டுப் பச்சை ஃபியூஸ் போட்டார். "இனிமேல் போகவே போகாதுங்கண்ணா" என்றார். நீலம் 15, பச்சை 30. ஒயரைக் காப்பாற்றுவதற்காக ஃபியூஸ் முதலில் போக வேண்டும். இங்கே ஃபியூஸைக் காப்பாற்றி ஒயரை எரியவிட ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

அவர் இழுத்த ஒயரும் செம்பு இல்லை. சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிகிறது, அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. ஸ்பீக்கருக்கு இழுக்கிற கனம்தான் இருக்கும். அதை பானெட் கீல் ஓரத்தில், தகரத்தோடு தகரமாக, மேலே குழாய்கூடப் போடாமல் விட்டிருந்தார். நம் ரோடும் தோட்டமும் எப்படிக் குலுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தகர விளிம்பில் உரசி உரசி மேல்தோல் அறுந்து, கம்பி பாடியில் பட்டது. 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் அந்த நொடியே எல்லா லைட்டும் அணைந்து, விஷயம் அதோடு முடிந்திருக்கும். 30 ஆம்பியர் ஃபியூஸ் அசையவில்லை. ஒயர் பழுத்து, பக்கத்தில் இருந்த கம்பெனி ஒயர்களையும் சேர்த்து உருக்கிவிட்டது. நல்ல இருட்டில், மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஸ்டீயரிங் அடியில் புகை. டீசல் லைன் அங்கிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. டிரெய்லர் மேல் நின்றவர்களை நினைத்தால் இப்போதும் மனது பதறுகிறது.

டிராக்டர் சர்வீஸ் சென்டரில் வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளி ஆள் ஒயரை வெட்டின இடம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது அவர்களிடம் என்ன வாதாடுவது. ஒயரிங் செட், சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் சொச்சம் ஆனது. மாட்டினவரைக் கேட்டால், "கேரண்டி லைட்டுக்குத்தாங்க, ஒயருக்கு இல்லை. மலையில ஓட்டினா அப்படித்தான் ஆகும்" என்கிறார். மலையில் ஓட்டத்தானே மலைக்கு வந்து விற்றார்? அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

குன்னூர் அண்ணன் திரும்பச் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர். டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தனி ஃபியூஸ், 10 ஆம்பியர், சிவப்பு. அது ஏன் அவ்வளவு பக்கத்தில் என்றால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கிற ஒயருக்கு எந்தக் காவலும் கிடையாது. அப்புறம் ரிலே. 30-ம் நம்பர் பின்னில் பேட்டரி லைன், 87-ல் விளக்கு, 86-க்கு சாவி போட்டால் மட்டும் வருகிற கரண்டை சுவிட்ச் வழியாகக் கொண்டுவந்தார், 85 எர்த். இப்படிச் செய்தால் டாஷ்போர்டு சுவிட்சுக்குள் போவது ரிலேயை இழுக்கிற சின்னக் கரண்ட் மட்டும்தான், விளக்கின் பாரம் அதன் மேல் விழாது. சாவியை எடுத்தால் விளக்கும் அணைந்துவிடும், மறந்துபோய் பேட்டரி இறங்காது. விளக்குகளின் எர்த்தையும் பெயின்ட் அடித்த தகரத்தில் ஸ்க்ரூ போட்டு முடிக்காமல் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோனார். ஒயர் முழுக்க நெளிவுக் குழாய்க்குள், தகர ஓட்டை வருகிற இடத்தில் ரப்பர் வளையம்.

விளக்கு நிற்கும் இடத்தையும் மாற்றினார். முன்னால் உயரத்தில் இருந்த கூர் வெளிச்ச விளக்குகள் மஞ்சு இறங்கும்போது வெள்ளைச் சுவர் மாதிரி திருப்பி அடித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, பரவலாக அடிக்கும் இரண்டை இறக்கி மாட்டினார். பின்னால் மட்கார்டில் ஒன்று. மொத்தம் மூன்றுதான், வேலைக்குத் தாராளம். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் மினி டிராக்டரில் சின்னது, ஐட்லிங்கில் இன்னும் குறைவாகத்தான் கொடுக்கும். நிறுத்தி வைத்து மூட்டை ஏற்றும்போதுதான் நமக்கு விளக்கு அதிக நேரம் எரிகிறது, அதனால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள் என்றார். ரோட்டில் ஏறினால் மூன்றையும் அணைத்துவிடுவோம். கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிறவன் கண்ணில் அடித்தால் அவன் போகிற இடம் பள்ளம்.

வேன்காரர் உங்கள் ஊருக்கு வந்தால் கேளுங்கள். கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள், ரிலே எங்கே, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், ஒயரை ஒரு துண்டு வெட்டிக் காட்டுங்கள். எங்களுக்குக் கொடுத்தது "எஸ்டிமேட்" என்று மேலே அச்சடித்த துண்டுச் சீட்டு. கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில் கேளுங்கள், மாட்டுக்கூலியையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். "லைட்டுக்குத்தான் கேரண்டி" என்ற பேச்சு பிறகு எடுபடாது.

எங்களைப் போல ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீரவில்லை என்றால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்கும் வேலைக்கும் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். உருகின ஒயர், பச்சை ஃபியூஸ், துண்டுச் சீட்டு, போனில் பணம் அனுப்பின பதிவு எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே ஆளிடம் மாட்டினவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் விவரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அவர் மாட்டின விளக்கோடு இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பாக்ஸைப் பாருங்கள். பச்சை இருந்தால், கையேட்டில் அந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று சரிபாருங்கள். எல்லா விளக்கையும் போட்டுக் கால் மணி நேரம் கழித்து, டேப் சுற்றின ஜாயின்ட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எக்ஸ்ட்ரா லைட் ஒயரைத் தனியே பிரித்துவிட்டு, ஒயரிங்கை மாற்றுகிறவரை ஹெட்லைட்டை மட்டும் வைத்து ஓட்டுங்கள்.